எழுத்தர் பணித் தெரிவும் நீதிமன்றமும்: சொற்பொருள் வேறுபாடுகளின் வழி ஒரு வரலாறு

1. முன்னுரை

இந்திய அரசு அலுவலகங்களில் எழுத்தர் பணிக்கு ஆள் எடுக்கும் முறை பற்றி நீதிமன்றங்களில் எழுந்த வழக்குகள் சட்ட வரலாற்றின் ஒரு பகுதியாகவே இதுவரை நோக்கப்பட்டு வந்துள்ளன. அவ்வழக்குகள் பலவற்றின் உள்ளே ஒரு சொற்பொருட் சிக்கல் இருப்பது போதிய கவனம் பெறவில்லை. தேர்வில் தேறியவர் பணிக்குத் தெரிவு பெற்றவர் ஆவாரா, குறைந்தபட்சத் தகுதி உடையவர் கூடுதல் தகுதி உடையவரோடு எந்தக் கட்டத்தில் ஒப்பிடப்படுவார், ஒரு பிரிவினருக்குத் தரப்படும் விலக்கு சமத்துவ விதிக்கு விதிவிலக்கா அல்லது அவ்விதியின் விரிவா என்னும் வினாக்களே அவ்வழக்குகளில் மீண்டும் மீண்டும் வந்தன. இவ்வினாக்களில் இடம்பெறும் கருத்துகளை ஆங்கிலம் தனித்தனிச் சொற்களால் குறிக்கிறது. தமிழிலோ அவற்றுள் சில ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. வேறு சில ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய சொற்களால் வழங்குகின்றன.

எழுத்தர் பணித் தெரிவு பற்றிய முதன்மையான வழக்குகளைக் கால வரிசையில் வைத்து, அவை எந்தெந்தச் சொற்பொருள் வேறுபாடுகளை நிலைநாட்டின என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். உயர்பணிகள் பற்றிய தீர்ப்புகள் எழுத்தர் பணிக்கும் பொருந்தும் நெறிகளை வகுத்திருப்பின் அவையும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றன.

2. குமாஸ்தாவும் ரைட்டரும்

'குமாஸ்தா' என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். அதன் மூலவினைக்கு 'ஒப்படைத்தல், அமர்த்துதல்' என்பன பொருள். எனவே குமாஸ்தா என்பவர் சொல்லளவில் 'அமர்த்தப்பட்டவர்'. அவர் என்ன வேலை செய்கிறார் என்பதை அச்சொல் கூறவில்லை. ஒருவரால் அமர்த்தப்பட்டார் என்பதையே கூறுகிறது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ரைட்டர்' என்னும் பதவிப்பெயரோ செய்யும் வேலையைக் கூறுவது. கம்பெனியின் பணிநிலைகளில் அதுவே கீழ்ப்படி. அதற்கு மேல் பாக்டர், இளைய வணிகர், மூத்த வணிகர் என்னும் படிகள் இருந்தன. பெயர் எதுவாயினும் இரண்டு பதவிகளும் அமர்த்துவோரின் விருப்பத்தைச் சார்ந்தே இருந்தன. கம்பெனி இயக்குநர்களின் பரிந்துரையே ரைட்டர் பதவிக்கு வழி. 1806இல் தொடங்கப்பெற்ற கிழக்கிந்தியக் கல்லூரியிலும் அப்பரிந்துரை பெற்றோரே பயின்றனர்.

19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. 1837ஆம் ஆண்டின் 29ஆம் சட்டம், நீதி, வருவாய்த் துறைகளில் பாரசீகத்தின் கட்டாயத்தை நீக்க வழி செய்தது. 1844இல் ஹார்டிஞ்சு பிறப்பித்த தீர்மானம், ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை அளித்தது. 1853ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டமும் அதைத் தொடர்ந்த 1854ஆம் ஆண்டு மெக்காலே குழு அறிக்கையும் உயர்பணிக்குப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்தன. முதல் இரண்டு மாற்றங்களும் மொழி பற்றியவை. அலுவலக மொழி மாறியதும் எழுதுவோரின் வகுப்பும் மாறியது. முன்ஷியின் இடத்தில் ஆங்கிலம் கற்றவர் அமர்ந்தார். மூன்றாவது மாற்றம் உயர்பணிக்கு மட்டுமே உரியது. கீழ்நிலைப் பணிகளில் துறைத் தலைவரின் விருப்பத்திற்கு நெடுங்காலம் இடம் இருந்தது.

அந்த விருப்பத்தைக் கட்டுப்படுத்தும் முயற்சியாகவே தேர்வாணையங்கள் தோன்றின. லீ குழுவின் பரிந்துரையை ஒட்டி நடுவண் தேர்வாணையம் 1926 அக்டோபர் 1இல் அமைந்தது. மாகாண அளவில் முதலாவதாகச் சென்னை மாகாணத்தில் 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓர் ஆணையம் ஏற்பட்டது. நடுவண் அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கெனத் தனி ஆணையம் அமைக்கும் தீர்மானம் 1975 நவம்பரில்தான் வந்தது. சார்நிலைப் பணிகள் ஆணையம் என்னும் பெயரில் தோன்றிய அது 1977இல் பணியாளர் தெரிவாணையம் என்னும் பொருள்படும் பெயரைப் பெற்றது.

இங்கு ஒரு பெயர் வேறுபாடு சுட்டத்தக்கது. 'பப்ளிக் சர்வீஸ் கமிஷன்' என்னும் ஆங்கிலப் பெயரிலோ 'லோக் சேவா ஆயோக்' என்னும் இந்திப் பெயரிலோ 'தெரிவு' என்னும் பொருள் தரும் சொல் இல்லை. 'அரசுப் பணியாளர் தேர்வாணையம்' என்னும் தமிழ்ப் பெயரில் அது உண்டு. ஆணையத்தின் தலையாய பணி எது என்பதைத் தமிழ்ப் பெயர் தானாக எடுத்துரைக்கிறது. எனினும் அச்சொல் 'பரீட்சை' எனவும் 'தெரிவு' எனவும் இருபொருள் படுகிறது. இவ்விரு பொருளும் ஒன்றல்ல என்பதைப் பிற்கால வழக்குகள் உணர்த்தின.

3. அரசியலமைப்பின் சொற்கள்

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, சட்டத்தின் முன் சமத்துவத்தை 14ஆம் உறுப்பிலும், அரசு வேலையில் சமவாய்ப்பை 16ஆம் உறுப்பிலும் வைத்தது. 16ஆம் உறுப்பின் 2ஆம் கூறு, எவற்றின் அடிப்படையில் மட்டும் வேறுபாடு காட்டலாகாது என ஒரு பட்டியல் தருகிறது: சமயம், இனம், சாதி, பால், மரபுவழி, பிறப்பிடம், வசிப்பிடம். இப்பட்டியலில் 'மொழி' இல்லை. அரசின் உதவி பெறும் கல்வி நிலையங்களில் சேர்வது பற்றிய 29ஆம் உறுப்பின் 2ஆம் கூற்றிலோ 'மொழி' இடம்பெறுகிறது. ஒரே ஆவணத்தில் இரண்டு பட்டியல்களுக்கு இடையே காணப்படும் இவ்வேறுபாடு மொழியியலாளர் கருதத்தக்கது. அலுவலகப் பணி ஒரு மொழியால் செய்யப்படுவது. ஆகவே அம்மொழியறிவைக் கோருவது வேலையின் தன்மையிலிருந்தே எழுவதாகிறது. பல மொழிகளையுடைய நாட்டில் அக்கோரிக்கையே சிலருக்கு வாயிலாகவும் சிலருக்குத் தடையாகவும் அமைகிறது என்பதும் உண்மை.

நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் நிறைவேற்றி 1968 சனவரியில் வெளியிடப்பட்ட ஆட்சிமொழித் தீர்மானம் இவ்விரு நிலைகளையும் ஏற்றது. நடுவண் பணிக்குச் சேரும்போது இந்தி, ஆங்கிலம் ஆகிய இரண்டில் ஒன்றன் அறிவு கட்டாயம் என அது கூறியது. அதே தீர்மானம், உயர்பணித் தேர்வுகளுக்கு எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்தும் ஆங்கிலமும் மாற்று ஊடகங்களாக அனுமதிக்கப்படும் எனவும் கூறியது. நடுவண் அரசின் கீழ்நிலைப் பணிகளுள் பன்னோக்குப் பணியாளர் தேர்வு இந்தி, ஆங்கிலம் தவிர 13 வட்டார மொழிகளிலும் நடத்தப்பட்டது 2023இல்தான். உயர்பணிக்கு வழங்கப்பட்ட மொழிவாய்ப்பு கீழ்நிலைப் பணிக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

16ஆம் உறுப்பு பற்றிய முதல் பெருவழக்குகளுள் ஒன்று சென்னையிலிருந்து எழுந்தது. வகுப்புவாரி அரசாணையின்படி 83 மாவட்ட முன்சீப் பதவிகள் ஆறு பிரிவினருக்குப் பங்கிடப்பட்டிருந்தன: அரிசனர் 19, முஸ்லிம்கள் 5, கிறித்தவர் 6, பின்தங்கிய இந்துக்கள் 10, பிராமணர் அல்லாத இந்துக்கள் 32, பிராமணர் 11. 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றம் வெங்கடரமணா வழக்கில் தீர்ப்பளித்தது. அரிசனர், பின்தங்கிய இந்துக்கள் ஆகியோருக்கான ஒதுக்கீட்டிற்கு 16ஆம் உறுப்பின் 4ஆம் கூறு இடம் தருகிறது. ஏனைய பங்கீடு சாதி, சமய அடிப்படையிலானதாகையால் செல்லாது என்பது அதன் சாரம். கல்லூரிச் சேர்க்கை பற்றிய செண்பகம் துரைராசன் வழக்கின் தீர்ப்பும் அன்றே வழங்கப்பட்டது. 'பங்கீடு', 'ஒதுக்கீடு' என்னும் இரண்டும் சட்ட நோக்கில் வெவ்வேறு என்பது வெங்கடரமணா தீர்ப்பால் தெளிவாயிற்று.

நடுவண் செயலகத்தின் உதவியாளர்கள் மேற்பதவி பெறுவது பற்றிய தேவதாசன் வழக்கு 1963இல் முடிவு பெற்றது. ஓராண்டில் நிரப்பப்படாத ஒதுக்கீட்டு இடங்களை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லும் விதியால், 45 பதவிகளுள் 29 ஒதுக்கீட்டிற்குச் சென்றிருந்தன. பெரும்பான்மை நீதிபதிகள் அவ்விதியைத் தள்ளினர். மாறுபட்ட தீர்ப்பு வழங்கிய நீதிபதி சுப்பாராவ், 4ஆம் கூறு 1ஆம் கூற்றுக்கு விதிவிலக்கு அன்று என்னும் கருத்தை முன்வைத்தார். தனித்து நின்ற அக்கருத்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் எழுத்தர்களின் வழக்கொன்றில் பெரும்பான்மை ஆதரவைப் பெற்றது.

4. விலக்கும் விதிவிலக்கும்

கேரளப் பதிவுத்துறையில் கீழ்நிலை எழுத்தர் ஒருவர் மேல்நிலை எழுத்தராக வேண்டுமாயின் மூன்று துறைத் தேர்வுகளில் தேற வேண்டும்: கணக்குத் தேர்வு, பதிவுத் தேர்வு, அலுவலக நடைமுறை நூல் பற்றிய தேர்வு. பட்டியல் சாதியினருக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும் இத்தேர்வுகளில் தேற இரண்டாண்டுக் கால விலக்கு அளிக்கும் 13அஅ விதியை மாநில அரசு 1972 சனவரியில் கொண்டுவந்தது. அவ்வாண்டில் நிரப்பப்பட்ட 51 மேல்நிலை எழுத்தர் பதவிகளுள் 34 இவ்விலக்குப் பெற்றோருக்குச் சென்றன. தேர்வுகளில் தேறியிருந்தும் பதவி உயர்வு பெறாத எழுத்தர் ஒருவர் உயர் நீதிமன்றத்தை அணுகினார். உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது. இதுவே கேரள அரசுக்கும் என்.எம். தாமசுக்கும் இடையே நடந்த வழக்கு. உச்ச நீதிமன்றம் 1975 செப்டம்பர் 19இல் ஐவர்க்கு இருவர் என்னும் பெரும்பான்மையில் விதியை ஏற்றது.

இவ்வழக்கில் இரண்டு கருத்துகள் பிரித்தறியப்பட வேண்டியவை. 13அஅ விதி தந்தது 'விலக்கு'. அதாவது ஒரு கடமையிலிருந்து குறித்த காலத்திற்குத் தரும் விடுவிப்பு. அதனைத் தாக்கியோரின் வாதம் 'விதிவிலக்கு' பற்றியது. சமவாய்ப்பே விதி, ஒதுக்கீடே விதிவிலக்கு. தேர்வு விலக்கு என்பது ஒதுக்கீடு ஆகாது. ஆகவே அது விதியை மீறுகிறது என்பது அவ்வாதம். பெரும்பான்மை நீதிபதிகள் சிலர் இதன் அடிப்படையையே மறுத்தனர். சமமற்றோரைச் சமநிலைக்குக் கொண்டுவருவது சமவாய்ப்பு என்னும் விதியின் உள்ளேயே அடங்கும். 4ஆம் கூறு விதிவிலக்கு அன்று, விதியை விளக்கிக் கூறுவது என அவர்கள் கொண்டனர். நீதிபதி கன்னாவும் நீதிபதி குப்தாவும் இதனை ஏற்கவில்லை. தேர்வில் தேறிய எழுத்தர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டதை அவர்கள் சமவாய்ப்பு மறுப்பாகவே கண்டனர்.

விலக்கு, விதிவிலக்கு என்னும் இரண்டு தமிழ்ச் சொற்களுக்கும் அடிச்சொல் ஒன்றே. எனவே இத்தீர்ப்பைத் தமிழில் சுருக்கி எழுதுவோர் 'எழுத்தர்களுக்கு அளித்த விதிவிலக்கை நீதிமன்றம் ஏற்றது' என எழுதிவிடக்கூடும். அவ்வாறு எழுதின் தீர்ப்பின் மையக் கருத்து தலைகீழாகிவிடும். நீதிமன்றம் ஏற்றது விலக்கை. பெரும்பான்மையின் கருத்தோட்டம் மறுத்தது விதிவிலக்கு என்னும் கருத்தை.

இதன் பின்வரலாறும் எளிதாக அமையவில்லை. 1992 நவம்பர் 16இல் வந்த இந்திரா சகானி தீர்ப்பு, 4ஆம் கூறு விதிவிலக்கு அன்று என்பதை உறுதி செய்தது. ஆயினும் பதவி உயர்வில் ஒதுக்கீடு கூடாது எனக் கூறியது. அதனை நோக்கி 1995இல் 77ஆம் திருத்தமும், நிரப்பப்படாத இடங்களைக் கொண்டுசெல்வது பற்றி 2000இல் 81ஆம் திருத்தமும், பதவி உயர்வில் தேர்ச்சி மதிப்பெண்ணைத் தளர்த்துவது பற்றி அதே ஆண்டில் 82ஆம் திருத்தமும் நிறைவேறின. செயலக உதவியாளர்களும் பதிவுத்துறை எழுத்தர்களும் எழுப்பிய வினாக்கள் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தும் அளவிற்குச் சென்றன.

5. 'மாநிலத்தினுள்' என்னும் தொடர்

வசிப்பிடத்தை வேலைக்கு நிபந்தனையாக வைக்கும் அதிகாரத்தை 16ஆம் உறுப்பின் 3ஆம் கூறு நாடாளுமன்றத்திற்கு மட்டும் தருகிறது. 1957ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக வசிப்பிட நிபந்தனைகளை நீக்கிவிட்டு, தெலங்கானா உள்ளிட்ட சில பகுதிகளில் கீழ்நிலைப் பணிகளுக்கு மட்டும் அவற்றை வைத்துக்கொள்ள இடம் தந்தது. ஐதராபாத்துப் பகுதியின் பழைய முல்கி விதிகளின் தொடர்ச்சி அது. அலுவலகங்களில் எழுத்தராக வெளிப்பகுதியினர் வருவதே 1969ஆம் ஆண்டுத் தெலங்கானாக் கிளர்ச்சியின் முதன்மையான குறைகளுள் ஒன்றாயிருந்தது.

1969 மார்ச்சில் முடிவான நரசிம்மராவ் வழக்கு ஒரு தொடரின் பொருளில் நின்றது. 'மாநிலத்தினுள் வசிப்பிடம்' என்று அரசியலமைப்பு கூறுவது மாநிலம் முழுவதையும் குறிக்குமா, அதன் ஒரு பகுதியையும் குறிக்குமா என்பதே வினா. முழு மாநிலத்தையே குறிக்கும் என நீதிமன்றம் கொண்டது. தெலங்கானா பற்றிய சட்டப்பகுதி செல்லாதாயிற்று. ஒரு வேற்றுமை உருபின் பொருளெல்லை பல்லாயிரம் எழுத்தர் இடங்களின் உரிமையைத் தீர்மானித்தது. 1972 அக்டோபரில் முல்கி விதிகள் செல்லும் என வேறொரு வழக்கில் தீர்ப்பு வந்தபோது ஆந்திரப் பகுதியில் கிளர்ச்சி மூண்டது. முடிவில் 1973இல் 32ஆம் திருத்தத்தால் 371ஈ உறுப்பு சேர்க்கப்பட்டது. அதன்கீழ் 1975இல் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணை, கீழ்நிலை எழுத்தர் பணியை மாவட்ட அளவில் தனி அணியாக்கி நேரடி நியமனங்களில் 80 விழுக்காட்டை உள்ளூர் வேட்பாளருக்கு ஒதுக்கியது. 2014இல் தெலங்கானா தனி மாநிலமானபின் அம்மாநிலத்திற்கெனப் புதிய ஆணை 2018இல் வந்தது.

6. தேர்வும் தெரிவும்

தேர்தல், தெரிதல் என்னும் இரண்டு வினைகளும் ஆராய்தல், தேர்ந்தெடுத்தல் என்னும் பொருள்களைப் பழங்காலந்தொட்டே தாங்கி வருகின்றன. வினைக்குரியாரை ஆராய்ந்து கொள்வது பற்றிய திருக்குறள் அதிகாரங்கள் இரண்டும் 'தெரிந்து' என்றே தொடங்கும் பெயர்களை உடையன. இக்காலத் தமிழகத்தில் 'தேர்வு' என்பது பரீட்சையையும் தேர்ந்தெடுப்பையும் ஒருங்கே குறிக்கிறது. 'நேர்முகத் தேர்வு' என்னும் தொடரில் பரீட்சை என்னும் பொருள் மேலோங்கி நிற்க, 'தேர்வுக்குழு' என்பதில் மற்றைய பொருள் நிற்கிறது. இலங்கைத் தமிழிலோ 'பரீட்சை', 'தெரிவு' என இரு சொற்கள் தனித்தனியே வழங்குகின்றன. இந்தியில் 'பரீக்ஷா', 'சயன்' என இரண்டு உண்டு.

நீதிமன்றங்கள் இவ்விரண்டையும் மூன்று வகையில் வேறுபடுத்தின. முதலாவது, தேர்வில் தேறுவது பணிக்கு உரிமை தருமா என்பது. 1991இல் முடிவான சங்கர்சன் தாசு வழக்கில், தெரிவுப் பட்டியலில் பெயர் இருப்பதனாலேயே நியமனம் பெறும் உரிமை எவருக்கும் எழுவதில்லை என உச்ச நீதிமன்றம் கூறியது. அதே மூச்சில், காலியிடங்களை நிரப்பாமல் விடுவதற்கு அரசுக்கு நேர்மையான காரணம் இருத்தல் வேண்டும் எனவும் கூறியது. 1973இல் வந்த ராயப்பா தீர்ப்பில் நீதிபதி பகவதி நிறுவிய கொள்கை இதன் பின்னணியில் உள்ளது. தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்தவர் தொடுத்த அவ்வழக்கில், தன்னிச்சையான செயலும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று பகை என்னும் கொள்கை பிறந்தது.

இரண்டாவது, நேர்காணலுக்கு எவ்வளவு இடம் என்பது. 1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கில், அரியானா அரசுப் பணித் தெரிவில் நேர்காணலுக்குப் பொதுப்பிரிவினருக்கு 22.2 விழுக்காடும் முன்னாள் படை அலுவலருக்கு 33.3 விழுக்காடும் மதிப்பெண் வைத்தது மிகை எனவும், பொதுப்பிரிவினருக்கு 12.2 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது எனவும் கூறப்பட்டது. எழுத்துத் தேர்வின் விடைத்தாள் பின்னர் ஆராயத்தக்க சான்றாக நிற்கும். நேர்காணலில் பேசியது காற்றோடு போகும். இவ்வேறுபாடே நேர்காணல் பற்றிய ஐயத்திற்குக் காரணம். 2016 சனவரி 1 முதல் நடுவண் அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்கும் அரசிதழ்ப் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் நேர்காணல் கைவிடப்பட்டது.

மூன்றாவது, தேர்வில் முறைகேடு நிகழ்ந்தால் தெரிவு முழுவதையும் தள்ளுவதா என்பது. 1970இல் பீகார்ப் பள்ளித் தேர்வு வழக்கில், ஒரு தேர்வு மையம் முழுவதும் கெட்டிருக்கும்போது ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்க வேண்டுவதில்லை என நீதிமன்றம் கூறியது. 2003இல் புதுவால்நிகத்து வழக்கில், பிழையைப் பிரித்தெடுக்க முடியுமாயின் பிழையற்றோரைத் தண்டிக்கலாகாது எனக் கூறியது. கிழக்குக் கடற்கரை இரயில்வேயில் தலைமைத் தட்டச்சர் பதவிக்கான தட்டச்சுத் தேர்வு, பொறி பழுதானது என்னும் புகாரின் பின் நீக்கப்பட்ட வழக்கில், நீக்கும் ஆணைக்குக் காரணம் கூறப்படவில்லை என்பதையே 2010இல் நீதிமன்றம் குறையாகக் கண்டது. தில்லி அரசின் தலைமை எழுத்தர் பதவிகளுக்கு 2009இல் அறிவிக்கப்பட்டு 2014, 2015இல் நடந்த தேர்வு 2016இல் நீக்கப்பட்டது. அதனை 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. விண்ணப்பித்ததிலிருந்து முடிவு வரை பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

மேற்கு வங்கப் பள்ளிப் பணித் தெரிவு வழக்கில் இவ்வினா மிகக் கடுமையான வடிவம் பெற்றது. 2016ஆம் ஆண்டுத் தெரிவில் ஆசிரியர்களோடு 'சி' பிரிவு எழுத்தர்களும் 'டி' பிரிவினரும் அமர்த்தப்பட்டிருந்தனர். விடைத்தாள்களின் மூலப்படிகள் அழிக்கப்பட்டிருந்தன. தரவரிசையைத் தாண்டியும் பட்டியலுக்கு வெளியிலிருந்தும் நியமனங்கள் நடந்திருந்தன. 2025 ஏப்ரல் 3இல் உச்ச நீதிமன்றம், கறையைப் பிரித்தெடுக்க இயலாத அளவிற்குத் தெரிவு கெட்டுவிட்டது எனக் கூறி 25,000க்கு மேற்பட்ட நியமனங்கள் செல்லாதனவானதை உறுதி செய்தது. சில நாள்களில், கறைபடாத ஆசிரியர்கள் அவ்வாண்டு இறுதிவரை பணியில் தொடர அனுமதி கிடைத்தது. எழுத்தர்களுக்கு அது கிடைக்கவில்லை. தவறு செய்யாத எழுத்தருக்கு அவரது தேர்வு செம்மையானதே, தெரிவுதான் கெட்டது. ஆனால் தேர்வின் சான்று அழிந்தபின் இவ்வேறுபாட்டை நிறுவ அவர் கையில் எதுவும் இல்லை.

7. வரன்முறையும் நிலைபேறும்

தேர்வே எழுதாமல் நாட்கூலியாகச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் எழுத்தர் வேலை செய்தோரின் கதை வேறு. வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்கள் மட்டும் போதுமா என்னும் வினாவிற்கு, 1987இல் அரகோபால் வழக்கில் அம்முறை செல்லும் எனவும், 1996இல் விசுவேசுவரராவ் வழக்கில் செய்தித்தாள் அறிவிப்பும் வேண்டும் எனவும் விடை கிடைத்தது. எவ்வித அறிவிப்பும் இன்றி அமர்த்தப்பட்டோரின் நிலையை 2006 ஏப்ரல் 10இல் கர்நாடக அரசு – உமாதேவி வழக்கின் தீர்ப்பு ஆராய்ந்தது. வணிக வரித்துறையின் நாட்கூலிப் பணியாளர் தொடர்பான அவ்வழக்கில் ஐவர் ஆயம், பணிவரன்முறை என்பது பணியில் சேர்க்கும் வழிகளுள் ஒன்றன்று எனக் கூறியது. முறைப்படி நடந்த நியமனத்தில் உள்ள சிறு குறையைச் சீர்செய்வதே வரன்முறை. நிலைபேறு தருவது வேறு. ஒப்புதல் பெற்ற பதவிகளில் நீதிமன்ற ஆணையின் துணையின்றிப் பத்தாண்டுகள் பணியாற்றியோருக்கு மட்டும் ஒருமுறை வாய்ப்பளிக்க அது இடம் தந்தது. அலுவலக வழக்கில் 'வரன்முறைப்படுத்தல்' என்பதும் 'நிரந்தரமாக்கல்' என்பதும் ஒன்றுபோல் வழங்குகின்றன. தீர்ப்பு அவற்றைப் பிரிப்பதால் மொழிபெயர்ப்பும் பிரித்தே ஆக வேண்டும்.

8. 'தகுதி'யின் இரு பொருள்

இவ்வரலாற்றில் அண்மையில் வந்த பெருவழக்கு மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியதாக அமைந்தது. இராசத்தான் உயர் நீதிமன்றம் தன் அலுவலகத்தில் 13 மொழிபெயர்ப்பாளர் பதவிகளுக்கு 2009 செப்டம்பரில் அறிவிப்பு வெளியிட்டது. எழுத்துத் தேர்வும் அதன்பின் நேர்காணலும் நடைபெறும் என்பது ஏற்பாடு. தேர்வு எழுதியோர் 21 பேர். குறைந்தது 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றோரையே எடுக்க வேண்டும் என்பது தேர்வு நடந்தபின் முடிவு செய்யப்பட்டது. அதன்படி மூவர் மட்டுமே தேறினர். எஞ்சியோருள் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2010இல் உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2013இல் வழக்கைப் பெரிய ஆயத்திற்கு அனுப்பியது. ஐவர் ஆயத்தின் விடை 2024 நவம்பர் 7இல் வந்தது.

ஆயத்தின் முன் இரண்டு பழைய தீர்ப்புகள் இருந்தன. 1973இல் மர்வாகா வழக்கில், விதிப்படி 45 விழுக்காடு பெற்றோர் தகுதியுடையராயினும் 55 விழுக்காட்டிற்கு மேற்பட்டோரை மட்டும் அரியானா அரசு நியமித்தது ஏற்கப்பட்டது. 2008இல் மஞ்சுசிறீ வழக்கில், நேர்காணலில் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும் என்னும் நிபந்தனையை நேர்காணல் முடிந்தபின் புகுத்தியது தள்ளப்பட்டது. மேலோட்டமாக இவை முரண்படுகின்றன. ஐவர் ஆயம் முரண் இல்லை எனக் கண்டது. மர்வாகா வழக்கு தெரிவுப் பட்டியலிலிருந்து நியமிக்கும் உரிமை பற்றியது. மஞ்சுசிறீ வழக்கு பட்டியலில் இடம்பெறும் உரிமை பற்றியது. அறிவிப்பு வெளியாகும்போது தெரிவு தொடங்குகிறது, இடங்கள் நிரம்பும்போது முடிகிறது. இடையில் விதிகளோ அறிவிப்போ இடம் தந்தாலன்றித் தகுதி நிபந்தனைகளை மாற்றலாகாது. வெவ்வேறு கட்டங்களுக்கு அளவுகோல் வைக்கலாம், ஆனால் அக்கட்டம் வருமுன் அதனை வைத்தல் வேண்டும் என ஆயம் வகுத்தது.

தமிழில் இத்தீர்ப்பை எழுதுவோர் 'தகுதி' என்னும் சொல்லில் இடருவர். 'கல்வித் தகுதி' என்பதில் அச்சொல் வாயிலைக் குறிக்கிறது: உள்ளே வரலாமா, கூடாதா என்பது மட்டுமே வினா. 'தகுதிப் பட்டியல்' என்பதில் வரிசையைக் குறிக்கிறது: உள்ளே வந்தோருள் முந்தியவர் யார் என்பது வினா. 'தகுதி மதிப்பெண்' என்னும் தொடரோ இரண்டிற்கும் இடையே ஊசலாடுகிறது. மொழிபெயர்ப்பாளர் வழக்கில் நடந்ததும் அதுவே. வரிசைக்கு உரிய மதிப்பெண், இடையில் வாயிலாக மாற்றப்பட்டது. இந்தியில் 'பாத்ரதா' என்னும் சொல் வாயிலைக் குறிக்கத் தனியே உள்ளது. தமிழில் 'நுழைவுத் தகுதி', 'ஒப்பீட்டுத் தகுதி' என அடை கொடுத்து வேறுபடுத்துவது பயன் தரும். புதுச்சொல் படைப்பதினும் வழக்கில் உள்ள சொல்லுக்கு அடை கொடுப்பது அலுவலக வாசகர்க்கு எளிது.

9. முடிவுரை

மேற்கண்ட வழக்குகளிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, நேர்மையான தெரிவு என்னும் கருத்து அரசியலமைப்பில் முழுவடிவில் கிடைத்ததன்று. பங்கீடும் ஒதுக்கீடும், விலக்கும் விதிவிலக்கும், தேர்வும் தெரிவும், வரன்முறையும் நிலைபேறும், நுழைவுத் தகுதியும் ஒப்பீட்டுத் தகுதியும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்பட்டதன் வாயிலாக அது படிப்படியாக உருப்பெற்றது.

இரண்டாவது, அவ்வாறு பிரிக்கச் செய்தவர்களுள் பலர் எழுத்தர்களும் தட்டச்சர்களும் மொழிபெயர்ப்பாளர்களுமே. அவர்களுள் வென்றவர்க்கும் வெற்றியின் பயன் பெரும்பாலும் காலங்கடந்தே கிட்டியது. மொழிபெயர்ப்பாளர் வழக்கில் வினாவிற்கு விடை கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

மூன்றாவது, 2019 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வட்டார மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டு வருகின்றன. 2024ஆம் ஆண்டின் பொதுத்தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம் பணியாளர் தெரிவாணையம், இரயில்வே, வங்கித் தேர்வுகள் ஆகியவற்றையும் உள்ளடக்கியது. இனி ஒரு வேட்பாளர் தம் உரிமையைத் தமிழில் படித்தே அறியும் வாய்ப்பு பெருகும். அவர் படிக்கும் பத்தியில் 'தகுதி' என்று மட்டும் இருந்தால், தாம் வாயிலில் நிறுத்தப்பட்டாரா வரிசையில் பிந்தினாரா என்பது அவருக்கு விளங்காது. முன்னதற்கு வழக்குண்டு, பின்னதற்குப் பெரும்பாலும் இல்லை.

ஆகவே அறிவிக்கை எழுதுவோரும் தீர்ப்பை மொழிபெயர்ப்போரும் ஒரே கலைச்சொற் பட்டியலைப் பின்பற்றுதல் வேண்டும். அப்பட்டியல் அகராதியிலிருந்து மட்டும் அமைதல் போதாது. எந்த வழக்கில் எந்தச் சொல் எதனின்று பிரிக்கப்பட்டது என்னும் குறிப்பும் அதில் இடம்பெறுதல் வேண்டும். சட்டத் தமிழுக்குச் சொற்கள் குறைவில்லை. உள்ள சொற்களின் எல்லைகளை வரையறுக்கும் பணியே எஞ்சி நிற்கிறது.